எபிதீலியம் ஒட்டி வளர்வது எப்படி? செல் ஒட்டு மூலக்கூறுகளைப் படிப்படியாகப் படிக்க ஒரு வழிகாட்டி

பக்கத்துச் செல்களைப் பிணைக்கும் இணைப்புகளில் ஒன்றான டெஸ்மோசோமில் என்ன புரதம் இருக்கிறது என்று கேட்டால், கடலூரிலும் புதுச்சேரியிலும் நான் பாடம் எடுக்கிற பிள்ளைகள் பட்டென்று டெஸ்மோக்ளீன் என்று சொல்லிவிடுவார்கள். அது கருவில் எப்போது வருகிறது, அது வருமுன் செல்கள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். குறை அவர்கள்மேல் இல்லை. பாடநூல் இதை ஓர் அட்டவணையாகத் தருகிறது. இடப்பக்கம் இணைப்பின் பெயர், வலப்பக்கம் புரதத்தின் பெயர், அவ்வளவுதான். அட்டவணையில் காலம் கிடையாது. உடலின் பரப்புகளைப் போர்த்துகிற எபிதீலியமோ முழுக்க முழுக்கக் காலவரிசையில் கட்டப்படுகிற திசு. ஒரு மூலக்கூறு தன் வேலையை முடித்தால்தான் அடுத்தது வந்து உட்கார இடம் கிடைக்கும். அந்த வரிசையிலேயே படித்தால் மனப்பாடச் சுமை பாதியாகக் குறையும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. கடைசியில், கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு.

படி 1: படத்தை மேல், கீழ், பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தோலின் மேலடுக்கு, குடலின் உள்வரி, சிறுநீரகக் குழல், மூச்சுக்குழாயின் உட்பரப்பு எல்லாமே எபிதீலியம். இதில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் மூன்று திசைகள் உண்டு. மேல்முகம் வெளியையோ குழலின் உள்வெளியையோ பார்க்கும். அடிமுகம், எபிதீலியத்துக்கு அடியில் விரிந்திருக்கும் மெல்லிய புரதப் படலமான அடித்தளச் சவ்வின்மேல் உட்காரும். பக்கமுகம் அடுத்த செல்லைத் தொடும். நோட்டில் நெடுக்கு வசத்தில் இரண்டு செல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வருகிற ஒவ்வொரு மூலக்கூறையும் இந்தப் படத்தில் எங்கே வைப்பது என்று மட்டும் யோசித்தால் போதும். பக்கத்துச் செல்லைப் பிடிப்பது பெரும்பாலும் கேட்ஹெரின் குடும்பம். அடித்தளத்தைப் பிடிப்பது இன்டெக்ரின் குடும்பம். மேல்முனையை அடைப்பது கிளாடின். இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் மற்றவை தானாக வந்து சேரும்.

படி 2: பெயர்களுக்கு முன்னால் கால்சியத்தைப் பிடியுங்கள்

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு லிட்டர் கடல்நீர் எடுத்தால் அதில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். கடல் முள்ளெலியின் கரு இந்த நீரில் சாதாரணமாக வளரும். கால்சியம் இல்லாத செயற்கைக் கடல்நீரில் அதைப் போட்டால் செல்கள் தனித்தனியாகக் கழன்றுவிடும். இதை குர்ட் ஹெர்ப்ஸ்ட் 1900-இலேயே காட்டிவிட்டார். அப்போது புரதத்தின் பெயரும் தெரியாது, ஜீனும் தெரியாது. கால்சியம் இல்லையென்றால் பிடி இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

1955-இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் இருவரும் தவளையினக் கருக்களின் செல்களைப் பிரித்துக் கலந்துவிட்டுக் காத்திருந்தார்கள். கலந்த செல்கள் கூடிக் கட்டியாகின. பிறகு உள்ளுக்குள்ளேயே நகர்ந்து, தோலாகப் போகிற செல்கள் வெளியிலும், அக அடுக்குச் செல்கள் உள்ளேயும், நடு அடுக்குச் செல்கள் இடையிலும் போய்ச் சேர்ந்தன. எந்தச் செல் எதன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிற தகவல் செல்லின் மேற்பரப்பிலேயே இருக்கிறது என்றாகிவிட்டது. மால்கம் ஸ்டைன்பெர்க் 1960-களில் இதற்கு ஓர் எளிய விளக்கம் கொடுத்தார். ஒன்றையொன்று வலுவாகப் பிடிக்கிற செல்கள் உள்ளே போகும், பிடி குறைந்தவை வெளியே சுற்றி நிற்கும். முழு உண்மை இதைவிடச் சிக்கலானது. ஆனால் பரீட்சைக்கும் சரி, சிந்தனைக்கும் சரி, இது நல்ல தொடக்கம்.

அப்புறம் வந்தவர் மசாடோஷி டாகெய்ச்சி. செல்களைப் பிரிக்க ட்ரிப்சின் போடுவது வழக்கம். ட்ரிப்சின் புரதங்களை வெட்டும் நொதி. கரைசலில் கால்சியம் இருக்கும்போது ட்ரிப்சின் போட்டால், செல்கள் பிரிந்த பிறகும் மறுபடி ஒட்டும் திறன் அவற்றுக்கு இருந்தது. கால்சியத்தை எடுத்துவிட்டு ட்ரிப்சின் போட்டால் அந்தத் திறன் போய்விட்டது. அப்படியென்றால் கால்சியம் சேர்ந்திருக்கும்வரை ட்ரிப்சினால் வெட்ட முடியாத ஒரு புரதம் அங்கே இருக்க வேண்டும். 1977-இல் அவர் எழுதிய இந்த வாதத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டுவேன். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், இரண்டு கரைசல்களின் வித்தியாசத்தை வைத்தே ஒரு புரதம் இருப்பதை ஊகித்த அழகு அது. அந்தப் புரதத்துக்கு கேட்ஹெரின் என்ற பெயர் 1984-இல் வந்தது. 1987-இல் அதன் ஜீனை, ஒன்றையொன்று ஒட்டாத எலி ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களுக்குள் செலுத்தியதும் அவை எபிதீலியம்போல நெருங்கி நின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. எபிதீலியத்தில் இருக்கும் கேட்ஹெரின் வகைக்கு ஈ-கேட்ஹெரின் என்று பெயர். பழைய நூல்களில் இதே ஈ-கேட்ஹெரின், எலியில் உவோமோருலின் என்றும் கோழியில் எல்-கேம் என்றும் வரும். வேறு வேறு மூலக்கூறு என்று நினைத்து இரண்டு தடவை படிக்காதீர்கள்.

படி 3: ஒரு கேட்ஹெரினைப் பிரித்துப் பாருங்கள்

ஈ-கேட்ஹெரின் செல் சவ்வைத் துளைத்து நிற்கிறது. வெளியே ஐந்து மடிப்புத் துண்டுகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இரண்டு துண்டுக்கும் இடையில் மூன்று கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். அவை இருக்கும்வரை தண்டு விறைப்பாக நிற்கும். கால்சியம் போனால் தொய்ந்துவிடும், ட்ரிப்சின் வெட்டவும் வழி கிடைக்கும். டாகெய்ச்சி கண்டதன் காரணம் இதுதான். நுனியில் உள்ள முதல் துண்டில் டிரிப்டோஃபன் அமினோ அமிலம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். எதிர்ச் செல்லின் கேட்ஹெரினில் அதற்கென்று ஒரு குழி உண்டு. இதன் டிரிப்டோஃபன் அதன் குழியில், அதன் டிரிப்டோஃபன் இதன் குழியில் போய் அமரும்.

உள்பக்கம் வாருங்கள். கேட்ஹெரினின் வாலில் பீட்டா-கேட்டனின் ஒட்டும். அதில் ஆல்ஃபா-கேட்டனின் ஒட்டும். ஆல்ஃபா-கேட்டனின், செல்லின் உள்சட்டகமான ஆக்டின் இழைகளைப் பிடிக்கும். வாலின் இன்னொரு இடத்தில் பி120 என்கிற கேட்டனின் உட்கார்ந்து, கேட்ஹெரின் செல்லுக்குள் இழுக்கப்பட்டு அழிந்துபோகாமல் காக்கும்.

ஒரு ஜோடி கேட்ஹெரினின் பிடி மிகவும் பலவீனமானது, தானாகவே விட்டுவிடும். வில்லியனூர்த் தேரோட்டத்தில் வடத்தைப் பிடித்திருக்கிற ஒருவர் கை விட்டாலும் தேர் நிற்பதில்லை, நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் பிடித்திருப்பதால். கேட்ஹெரினும் கூட்டமாகக் குவிந்துதான் வேலை செய்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. ஆக்டின் இழைகளை மயோசின் என்கிற மோட்டார் புரதம் இழுக்க இழுக்க ஆல்ஃபா-கேட்டனின் விரிந்து, உள்ளே மறைந்திருந்த ஓர் இடம் திறக்கிறது. வின்குலின் என்கிற புரதம் அங்கே வந்து உட்கார்ந்து கூடுதலாக ஆக்டினைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது, இழுவை கூடும் இடத்தில் பிடியும் கூடுகிறது. வெறும் பசை இப்படி நடந்துகொள்ளாது. செல் ஒட்டு மூலக்கூறைப் பசை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பீட்டா-கேட்டனினுக்கு இரண்டாவது வேலை ஒன்றும் இருக்கிறது. செல்லுக்கு வெளியிலிருந்து வின்ட் (Wnt) என்கிற வளர்ச்சிச் சமிக்ஞை வரும்போது அது உட்கருவுக்குள் போய் ஜீன்களை இயக்கும். ஒட்டும் வேலையும் செய்தி சொல்லும் வேலையும் ஒரே புரதத்திடம் இருக்கின்றன. இப்போதைக்கு இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

படி 4: எட்டுச் செல் கருவிலிருந்து கதையைத் தொடங்குங்கள்

உடலின் முதல் எபிதீலியம் எப்போது உருவாகிறது? கரு கருப்பையில் பதிவதற்கும் முன்பே. எலிக்கருவில் எட்டுச் செல் கட்டம் வரை செல்கள் உருண்டை உருண்டையாகத் தனித்துத் தெரியும், எண்ணிவிடலாம். பிறகு சில மணி நேரத்தில் அவை ஒன்றோடொன்று தட்டையாக அழுந்தி, எல்லைக்கோடே தெரியாத ஒரே உருண்டையாகிவிடும். இதற்கு நெருக்கமடைதல் என்று பெயர். மனிதக் கருவில் இது நான்காம் நாள் வாக்கில் நடக்கும். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் கருவியலாளர்கள் மைக்ரோஸ்கோப்பில் ஆவலோடு பார்க்கும் காட்சிகளில் இதுவும் ஒன்று.

இதைச் செய்வது ஈ-கேட்ஹெரின். அதற்கு எதிரான ஆன்டிபாடியைப் போட்டாலோ கால்சியத்தை எடுத்தாலோ செல்கள் திரும்பவும் உருண்டையாகிவிடும். செல்களை அழுத்தும் விசையில் பெரும்பங்கு ஆக்டின்-மயோசினின் சுருக்கத்திலிருந்து வருகிறது. கேட்ஹெரின் அந்த விசையைப் பக்கத்துச் செல்லோடு இணைத்துக் கொடுக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் நெருக்கமடைதல் நடக்காது.

ஈ-கேட்ஹெரின் ஜீன் இல்லாத எலிக்கருவை வைத்துச் செய்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. அந்தக் கருக்கள் முதலில் நெருக்கமடைந்தன! காரணம், முட்டையில் தாய் வைத்துவிட்டுப் போன கேட்ஹெரின் இருப்பு. அது தீர்ந்ததும், வெளியடுக்கு எபிதீலியம் உருவாகாமல் கரு அழிந்தது. "ஜீனை நீக்கியும் ஏன் உடனே விளைவு தெரியவில்லை?" என்ற கேள்வி வந்தால் இந்த உதாரணத்தை எழுதுங்கள்.

படி 5: மேல்முனையை அடைத்து, அடித்தளத்தில் உட்கார வையுங்கள்

இரண்டு செல்கள் முதன்முதலில் தொடும்போது நெக்டின் என்கிற, கால்சியம் தேவைப்படாத மூலக்கூறுகளும் கேட்ஹெரினும் புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். புள்ளிகள் சேர்ந்து ஆக்டினோடு ஒரு வளையமாகும். அதுதான் அட்ஹெரன்ஸ் ஜங்ஷன். அதற்கு மேலே கிளாடினும் ஆக்லூடினும் வரிசைகட்டி, செல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அடைக்கும். அது டைட் ஜங்ஷன். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் இந்த மேலிருந்து கீழ் வரிசையை ஃபார்குவாரும் பலாடேயும் 1963-இல் தெளிவாகக் காட்டினார்கள். உள்ளிருக்கும் புரதங்களின் அடையாளம் கிடைக்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. ட்ஸுகிடாவின் ஆய்வகம் ஆக்லூடினை 1993-இலும் கிளாடினை 1998-இலும் கண்டுபிடித்தது.

கருவுக்கு டைட் ஜங்ஷன் எதற்கு? வெளியடுக்குச் செல்கள் சோடியத்தை உள்ளே தள்ளுகின்றன. அதன் பின்னால் தண்ணீரும் போகிறது. இடுக்குகள் அடைபட்டிருந்தால்தான் அந்தத் தண்ணீர் உள்ளே தேங்கி, குழிவுள்ள கருக்கோளமாக மாறும். ஒழுகினால் கருக்கோளம் இல்லை. கேட்ஹெரின் முதலில், கிளாடின் பிறகு என்ற வரிசை ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும்.

அடிமுகத்தில் இன்டெக்ரின்கள். ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு துண்டுகள் ஜோடி சேர்ந்ததுதான் ஓர் இன்டெக்ரின். மனிதரில் 24 வகை ஜோடிகள் உண்டு. இவை லாமினின், கொலாஜன் இழைகளால் ஆன அடித்தளச் சவ்வைப் பிடிக்கும். இந்தப் பிடிதான் செல்லுக்கு "இது உன் அடிப்பக்கம்" என்று சொல்கிறது. மேல் எது, கீழ் எது என்று தீர்மானமாவதில் இதன் பங்கு பெரிது. தளத்திலிருந்து பிய்த்து மிதக்கவிட்ட எபிதீலியச் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். அனாய்கிஸ் என்று இதற்கு 1994-இல் பெயர் வைத்தார்கள். செல் தன் இடத்தைவிட்டுப் போய் வேறெங்கோ முளைக்காமலிருக்க உடல் வைத்திருக்கிற பாதுகாப்பு இது. புற்றுசெல் இதை மீறக் கற்றுக்கொண்ட செல்.

டெஸ்மோசோம் இந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது. இதுவும் கேட்ஹெரின் குடும்பம்தான். டெஸ்மோக்ளீன், டெஸ்மோகொல்லின் இரண்டும் வெளியே பிடிக்க, உள்ளே டெஸ்மோபிளாக்கின் என்கிற புரதம் வழியாக, செல்லுக்கு உறுதி தரும் கெரட்டின் இழைகளோடு இணைப்பு. தேய்ப்பையும் இழுப்பையும் தாங்க வேண்டிய திசுக்களில் இது அதிகம். அடித்தளப் பக்கம் இதேபோலக் கெரட்டினைப் பிடிப்பது ஹெமிடெஸ்மோசோம். ஆனால் அதன் ஒட்டு மூலக்கூறு ஆல்ஃபா6-பீட்டா4 இன்டெக்ரின். பெயரைப் பார்த்து, டெஸ்மோசோமில் பாதி என்று எழுதிவிடாதீர்கள்.

படி 6: எப்போது விடுகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்

வளர்ச்சியில் ஒட்டிக்கொள்வது பாதிக் கதை. கருவின் மூன்று அடுக்குகள் உருவாகும்போது, மேலடுக்கில் சில செல்கள் ஈ-கேட்ஹெரினைக் குறைத்து, இணைப்பைக் கழற்றி, உள்ளே நகர்ந்து போகின்றன. ஸ்னெய்ல் என்கிற புரதம் ஈ-கேட்ஹெரின் ஜீனின் முன்பகுதியில் உட்கார்ந்து அதை அணைக்கிறது. முதுகுப் பக்கம் நரம்புக்குழல் உருவாகும்போது, மடியும் தட்டிலுள்ள செல்கள் ஈ-கேட்ஹெரினை விட்டு, அதே குடும்பத்தின் இன்னொரு வகையான என்-கேட்ஹெரினுக்கு மாறுகின்றன. மேலே தோலாகப் போகிற செல்களிடம் ஈ-கேட்ஹெரினே தொடர்கிறது. மனிதக் கருவில் இந்தக் குழல் 28-ஆம் நாள் வாக்கில் மூடிவிடும்.

எதிர்த்திசையும் உண்டு. சிறுநீரகத்தில், சிதறிக் கிடக்கிற இடைத்திசுச் செல்கள் சமிக்ஞை கிடைத்ததும் கொத்தாகக் கூடி, லாமினினை உண்டாக்கி, கேட்ஹெரின்களை வெளிப்படுத்தி, மேல்-கீழ் பிரித்து, குழலாக மாறுகின்றன. எபிதீலியத்தை ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கட்டிக் காட்டுகிற உதாரணம் வேண்டுமானால் எனக்குப் பிடித்தது இதுதான். முதல் ஐந்து படிகளும் ஒரே இடத்தில் திரும்ப நடக்கின்றன.

படி 7: நோய் வழியாக ஒரு முறை சரிபாருங்கள்

கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து கொப்புள நோய்க்காகப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகிறவர்கள் உண்டு. நர்சிங், மருத்துவம் படிக்கிறவர்கள் பெம்ஃபிகஸ் நோயை அங்கே நேரில் பார்க்கலாம். நோயாளியின் ஆன்டிபாடி அவருடைய டெஸ்மோக்ளீனையே தாக்குகிறது. டெஸ்மோக்ளீன்-1 தோலின் மேலடுக்குகளில் அதிகம். டெஸ்மோக்ளீன்-3 தோலின் கீழடுக்குகளில் அதிகம், வாயின் உட்பரப்பில் இதுதான் முக்கியம். 3-ஐ மட்டும் தாக்கினால் வாய் புண்ணாகும், தோலில் 1 இருந்து காப்பாற்றிவிடும். இரண்டையும் தாக்கினால் வாயும் தோலும் போகும். 1-ஐ மட்டும் தாக்கினால் தோலின் மேற்புறம் மட்டும் உரியும், வாய் தப்பிக்கும். சின்னக் குழந்தைகளுக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு வெந்ததுபோலத் தோலை உரிப்பதும் இதே டெஸ்மோக்ளீன்-1-ஐ வெட்டித்தான். வாய்ப்புண் மாதக்கணக்கில் ஆறாமல், காரம் பட்டாலே தாங்க முடியாமல் இருந்தால் வெறும் சூடு என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹெமிடெஸ்மோசோம் பக்கம் தாக்குதல் நடந்தால் கொப்புளம் வேறு மாதிரி இருக்கும். முழு எபிதீலியமும் அடித்தளத்திலிருந்து தூக்கிக்கொள்வதால் கொப்புளத்தின் கூரை தடிமனாகி விறைப்பாக நிற்கும். பெம்ஃபிகஸில் கூரை மெல்லியது, தொட்டால் உடையும். எந்த இணைப்பு விட்டது என்பதைக் கொப்புளமே சொல்லிவிடுகிறது.

ஈ-கேட்ஹெரின் ஜீனில் பிறவிக் குறை வந்தால் பரவு வகை இரைப்பைப் புற்றுநோய் குடும்பத்தில் தொடரும். நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் 1998-இல் இதைக் கண்டறிந்தார்கள். மார்பகப் புற்று பயாப்சியில் நோயியலாளர் ஈ-கேட்ஹெரின் சாயம் போடுவதும் உண்டு. லோபுலர் வகையில் அது பெரும்பாலும் இருக்காது, செல்கள் ஒற்றை வரிசையாகத் திசுவுக்குள் ஊர்ந்திருக்கும். டக்டல் வகையில் பொதுவாக இருக்கும்.

படி 8: கோழிக்குடலில் செய்து பாருங்கள்

கால்சியத்தை எடுத்தால் எபிதீலியச் செல்கள் பிடி விடுகின்றனவா என்று மூன்று குழாய்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சோதனை. ஆட்டுக்குடலைவிடக் கோழிக்குடல் வசதி. கறிக்கடையில் கண்ணெதிரே வெட்டித் தருவார்கள் என்பதால் நேரம் கையில் இருக்கும். உயிர் போன சிறிது நேரத்திலேயே குடல் எபிதீலியம் தானாக உரியத் தொடங்கிவிடும். தாமதமானால், ஒப்பீட்டுக்காகக் கால்சியத்தோடு வைக்கும் குழாயிலும் செல்கள் கொட்டும், சோதனை வீண். ஐஸ் போட்ட டப்பாவோடு போங்கள். சிறுகுடலின் மேல்பகுதியைக் கேட்டு வாங்கி அப்போதே ஐஸில் வைத்துவிடுங்கள்.

கரைசல்களை முந்தின நாளே தயார் செய்யுங்கள். அடிப்படை: 100 மில்லி 0.9 சதவீத உப்புக்கரைசலில் பிஎச்சை நிலையாக வைக்கும் டிரிஸ் பஃபர் 0.12 கிராம், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 7.4. பாஸ்பேட் பஃபர் வேண்டாம், அதில் கால்சியத்தைக் கூட்டினால் பால்போலக் கலங்கும். முதல் குழாய்க்கு, 100 மில்லிக்கு 0.03 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இரண்டாவதற்கு, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் டைசோடியம் ஈடிடிஏ 0.186 கிராம். மூன்றாவதற்கு, அதே அளவு ஈடிடிஏவோடு 0.103 கிராம் கால்சியம் குளோரைடு. ஈடிடிஏ கால்சியத்தைப் பிடிக்கும்போது அமிலம் வெளியாகும். அதனால் எல்லாம் கலந்த பிறகு மூன்றாவதன் பிஎச்சைக் கட்டாயம் திரும்பச் சரிசெய்யுங்கள். இந்த மூன்றாவது குழாயைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். செல்களைக் கழற்றுவது ஈடிடிஏ என்கிற வேதிப்பொருளா, கால்சியம் இல்லாமையா என்று பிரித்துச் சொல்வது அது ஒன்றுதான்.

குடலை நெடுக வெட்டித் திறந்து, குளிர்ந்த உப்புக்கரைசலில் நீர் தெளியும்வரை அலசுங்கள். ஒரே அளவில் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, குழாய்க்கு இரண்டு துண்டு போட்டு, ஐஸில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு மூன்றையும் ஒரே மாதிரி, ஒரே எண்ணிக்கையில் பலமாகக் குலுக்குங்கள். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே இரண்டாவது கலங்கலாக இருப்பது தெரியும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, மெத்திலீன் நீலம் கலந்து, 10 எக்ஸில் தொடங்கி 40 எக்ஸுக்குப் போங்கள். இரண்டாவதில் விரலுறைபோலக் கழன்ற குடலுறிஞ்சிகளின் மேலுறைகளும், தூண் வடிவச் செல்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் தகடுகளும் கிடைக்கும்.

இந்தத் தகடுகளை நன்றாகப் பாருங்கள். செல்கள் அடித்தளத்தை விட்டுவிட்டன, ஆனால் ஒன்றையொன்று இன்னும் விடவில்லை. இன்டெக்ரினுக்கும் கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகள் தேவை, ஈடிடிஏ இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. குளிர்ந்த நிலையில் அடிப்பிடி முதலில் தளர்கிறது. இதே குழாயை 37 டிகிரி நீர்த்தொட்டியில் கால்மணி நேரம் வைத்துத் திரும்பக் குலுக்கினால் தகடுகள் உடைந்து தனிச்செல்கள் கூடும். ரெக்கார்டில் இந்த இரண்டு கட்டங்களையும் தனித்தனிப் படமாக வரையுங்கள். வைவாவில் கேள்வி அங்கிருந்துதான் வரும். கழன்ற செல்களுக்குக் கால்சியம் கொடுத்து மறுபடி ஒட்டவைத்துக் காட்டலாமே என்று ஆசைப்படாதீர்கள். தளத்தை இழந்த குடல் செல்கள் சீக்கிரம் சாகத் தொடங்கிவிடும்.

கோழித்தோலில் ஒரு துண்டையும் ஈடிடிஏவில் போட்டு வைக்கலாம். அங்கே மேல்தோல் கீழ்தோலிலிருந்து பிரிந்து வந்தாலும், தான் தனிச்செல்களாக உதிராது. முதிர்ந்த டெஸ்மோசோம்கள் கால்சியம் இல்லாமலும் பிடியை விடாத நிலைக்குப் போய்விடுவது அதற்குக் காரணம். இது அரை மணியில் முடியாது, சில மணி நேரம் ஆகும், காலையிலேயே போட்டுவிடுங்கள்.

கோழிக்குடலில் சால்மொனெல்லா இருக்க வாய்ப்பு உண்டு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முடிந்ததும் மேசையையும் தட்டுகளையும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, மீதித் திசுவை அதே கரைசலில் ஊறவைத்து, ஆய்வகக் கழிவுப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.